இஸ்திரி போட்ட முத்திரை

புதிதாக வந்திருக்கும் உங்கள் மூவருக்கும்,

வேலையில் சேர்ந்த முதல் நாளே நீங்கள் ஒரு நல்ல கேள்வி கேட்டீர்கள். இந்த மேசை ஏன் ஜன்னலுக்குக் குறுக்கே, அலமாரிக் கதவைப் பாதி மறித்துக்கொண்டு கிடக்கிறது என்று. அப்போது நான் பதில் சொல்லவில்லை. எதிரில் சூப்பரிண்டெண்ட் உட்கார்ந்திருந்தார். சனிக்கிழமையோடு நான் இந்த அலுவலகத்தை விட்டுப் போகிறேன். ஒரு பெண்கள் கல்லூரியில் பாடம் நடத்தக் கூப்பிட்டிருக்கிறார்கள். இனி அவர் முகம் எந்தப் பக்கம் கோணினாலும் எனக்கு ஒன்றும் குறைந்துவிடாது. ஆகவே எழுதுகிறேன்.

ஐந்து வருஷம் வேலை பார்த்துவிட்டு ஐம்பது வருஷம் உழைத்து ஓய்ந்தவள் மாதிரி பேசுகிறாளே என்று உங்களில் ஒருவராவது முணுமுணுப்பீர்கள். முணுமுணுத்துக்கொள்ளுங்கள். இந்தக் கட்டடத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்த முதல் பெண் நான். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடத்துக்குப் போன முதல் ஆளும் நான். எனக்கு முன்னால் எங்கள் குடும்பத்தில் யாரும் கையெழுத்துப் போட்டதில்லை, கட்டைவிரலோடு சரி. கொஞ்சம் பெருமை அடித்துக்கொள்ள எனக்கு உரிமை உண்டு. அந்தப் பெருமை என்னைக் கொண்டுபோய் எங்கே நிறுத்தியது என்பதையும் மறைக்கப்போவதில்லை.

இந்த மேசையின் வேலை உங்களுக்குத் தெரியும். வெளிநாட்டில் ஒரு வருஷமோ இரண்டு வருஷமோ படித்துவிட்டு வருகிறவர்கள் ஒரு தாளை நீட்டுவார்கள். அங்கே படித்ததை இங்கே எந்த வகுப்புக்கு ஈடாகச் சேர்ப்பது என்று பல்கலைக்கழகக் குழு கூடி முடிவு செய்யும். அதற்கு முன்னால் தாளைப் படித்துக் குறிப்பு எழுதுவது உங்கள் பாடு. குழு அதைப் படிக்காது. அதற்காகத் தப்பாக எழுதிவிடாதீர்கள். தப்பாக எழுதினால் அன்றைக்கு மட்டும் படிப்பார்கள்.

அமெரிக்காவிலிருந்து வரும் தாளில் மார்க் இருக்காது; ஏ, பி, சி என்று எழுத்துதான். கிரெடிட் என்று ஒன்று இருக்கும். ஒரு பாடத்துக்கு வாரத்தில் எத்தனை மணி நேரம் வகுப்போ அத்தனை கிரெடிட். வருஷத்துக்கு முப்பது சேர்ந்தால் அந்த வருஷம் முடிந்தது. ஒரு கல்லூரியில் சேர்த்ததை இன்னொரு கல்லூரிக்குக் கொண்டுபோகலாம். அவர்கள் மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொள்வார்கள். நம் ஊரில் படிப்பு என்பது வருஷக் கடைசியில் மூன்று மணி நேரம் எழுதுவது. மற்ற நாள்களெல்லாம் அதற்கான தடபுடல். இந்த இரண்டையும் ஒரே தாளில் பொருத்துவதுதான் நம் உத்தியோகம்.

எனக்கு இந்த வித்தை எப்படித் தெரியும் என்றால், நானே ஒரு காலத்தில் அந்தத் தாளை நீட்டிக்கொண்டு இந்த மேசைக்கு எதிரில் நின்றவள்.

சுதந்திரம் வந்து சில வருஷங்கள் ஆகியிருந்தன. எம்.ஏ. முதல் வருஷம் முடித்திருந்தேன். அமெரிக்காவில் ஏரிக்கரை ஊர் ஒன்றில் இருந்த பெண்கள் கல்லூரி, ஒரு வருஷத்துக்குச் சாப்பாடு போட்டுப் படிக்கவைக்கிறோம், வா என்றது. கப்பல் செலவும் அவர்களுடையதே. போவதற்கு முன்னால் இதே அறைக்கு வந்து, இதே சூப்பரிண்டெண்டிடம் கேட்டேன்.

"சார், அங்க படிக்கிறது இங்க எம்.ஏ. இரண்டாம் வருஷத்துக்குச் சேருமா?"

"போய்ட்டு வாம்மா. பாத்துக்கலாம்."

நான் அதை அரசாங்க உத்தரவாக எடுத்துக்கொண்டேன். அந்த ஒற்றைச் சொல்லை நம்பிக் கடல் தாண்டிப் போனேன். இன்றைக்கு யாராவது கிளம்புவதற்கு முன்னால் உங்களிடம் வந்து கேட்டால், சேருமா சேராதா என்று தாளில் எழுதி, தேதி போட்டுக் கொடுங்கள். உங்களால் எழுத முடியாவிட்டால், முடியாது என்பதையாவது எழுதிக் கொடுங்கள்.

ராயபுரத்தில் எங்கள் சந்து என்னைச் சும்மா அனுப்பவில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை இறக்குகிறவர். பக்கத்து வீட்டு அந்தோணி அண்ணனுக்கு அங்கேயே கிடங்குக் காவல். எங்கள் சந்தில் எழுத்துக் கூட்டிப் படிக்கத் தெரிந்தவர் என்னை விட்டால் அவர்தான்.

"இன்னா தங்கச்சி, நாங்க கப்பல்ல வர்ற மூட்டய எறக்கினு கீறோம். நீ மூட்டயோட மூட்டயா ஏறிப் போறியா?"

"படிக்கப் போறேண்ணே."

"ஏன், இங்க கீற படிப்புலாம் தீந்து பூட்ச்சா?"

அம்மா இதில் எல்லாம் கலந்துகொள்ளவில்லை. என் துணிகளை மடித்துப் பெட்டியில் அடுக்கிக்கொண்டே சொன்னாள்: "வூட்டுக்கு லெட்டர் போடு. அந்தோணி படிச்சிக் காட்டுவான். அவனுக்குப் படிக்கத் தெரியாததுலாம் எய்தி வைக்காத."

அங்கே நன்றாகத்தான் படித்தேன். எட்டுப் பாடம் ஏ. இரண்டு பாடம் பி. ஒன்றே ஒன்றில் சி. அது நீச்சல். நீந்தத் தெரியாதவருக்கு அந்தக் கல்லூரியில் பட்டம் கிடையாதாம். வெந்நீர் நிரப்பிய தொட்டியில் இறக்கிவிட்டார்கள். கடலுக்கு எதிர்த்தாற்போல் பிறந்து வளர்ந்தவள் நான். ஆனால் எங்கள் ஊரில் கடலுக்குள் போவது ஆண்கள். நாங்கள் கரையில் நின்று எண்ணிப் பார்ப்போம், போனவர்கள் எல்லாம் திரும்பினார்களா என்று. அதற்கு அங்கே கிரெடிட் இல்லை.

கிளம்பும்போது கொடுத்தார்கள் அந்தத் தாளை. தடித்த, சந்தன நிறத் தாள். பதிவாளர் நீல மையில் கையெழுத்துப் போட்டிருந்தார். கீழே இடது மூலையில் முத்திரை. அது மை வைத்துக் குத்திய முத்திரை அல்ல. இரண்டு இரும்பு வில்லைகளுக்கு நடுவே தாளைக் கொடுத்து நெரிப்பார்கள். தாளே புடைத்துக்கொண்டு எழும்பும். ஒரு வளையம், அதற்குள் ஒரு மரம், சுற்றிலும் கல்லூரியின் பெயர். தடவினால் கொப்புளம் மாதிரித் தட்டுப்படும். வெள்ளைக்காரத் திமிர் என்று நினைத்தேன். மையைக்கூட மிச்சம் பிடிக்கிறார்கள்.

கப்பல் மாறி மாறி வந்ததில் பெட்டிக்குள் ஈரம் புகுந்து, ராயபுரம் வந்து சேர்ந்தபோது தாள் பொரித்த அப்பளம் மாதிரி நெளிந்திருந்தது. இதைப் போய்ப் பெரிய மனிதர்கள் முன்னால் நீட்டுவதா?

இங்கே அம்மாவின் வேலையைச் சொல்லியாக வேண்டும். ஓர் ஆஸ்பத்திரியின் சலவைக்கூடத்தில் அம்மா இஸ்திரி போடுகிறவள். முக்கியமாக நர்சுகளின் தொப்பிகள். ஒரு பக்கம் துறைமுகத்து நிலக்கரி, இன்னொரு பக்கம் ரயில் எஞ்சின் புகை. ராயபுரத்தில் வெள்ளைத் துணியை வெள்ளையாக வைத்திருப்பது ஒரு தினசரி யுத்தம். எங்கே சின்னச் சுருக்கம் இருக்கிறதோ அங்கே கரித்தூள் போய் உட்காரும். ஆகவே சுருக்கம் என்றால் அம்மாவுக்கு ஆகாது.

"எம்மா, இத்தக் கொஞ்சம் நேராக்கிக் குடு. குழுவுல பாக்கப் போறாங்க."

"இன்னாடி, அட்டையாட்டம் கீது? மேல ஈரத்துணி போட்டுத்தான் தேய்க்கணும். ஒரு தபா கருகிச்சின்னா அவ்ளோதான்."

அடுத்த நாள் வேலைக்குப் போனவள் அதைச் சலவைக்கூடத்துக்கே கொண்டுபோய், நல்ல இஸ்திரிப் பெட்டியாகப் பார்த்து எடுத்துத் தேய்த்துக் கொண்டுவந்தாள். கஞ்சி போட்ட தொப்பி மாதிரி விறைப்பாக நின்றது தாள். நான் கண்ணாடிக்கு முன்னால் தலை சீவிக்கொண்டிருந்தேன்.

"மூலையில இன்னாவோ சொறியாட்டம் தூக்கினு இருந்திச்சி பிலோமி. அத்தயும் அமுக்கி உட்டேன். எவ்ளோ நேரம் ஆச்சி தெரியுமா?"

"சரிம்மா, சரிம்மா" என்றேன். எந்தப் புடவை கட்டுவது என்பதில் இருந்தது என் கவனம்.

சூப்பரிண்டெண்ட் தாளை முன்னால் பார்த்தார், பின்னால் பார்த்தார், வெளிச்சத்துக்கு நேரே தூக்கிப் பார்த்தார்.

"'ஏ'ன்னா எவ்வளவும்மா?"

"'ஏ'ன்னா 'ஏ'தான் சார்."

"அதான், நூத்துக்கு எவ்வளவு? எழுபத்தஞ்சா, எண்பதா?"

"அங்க நூத்துக்குன்னு போட மாட்டாங்க சார்."

"போடாம எப்படிம்மா பாஸ் பண்ணுவாங்க?" நிஜமாகவே எனக்காக வருத்தப்பட்டார். பிறகு, "சரி, முத்திரை எங்கே?" என்றார்.

இதற்காகவே காத்திருந்தேன். "கீழே இடது பக்கம் சார். மை இல்லாத முத்திரை. தடவிப் பாருங்க."

தடவினார். மறுபடி தடவினார். அவர் விரல் அந்த மூலையில் வழுக்கிக்கொண்டு போய்விட்டு வந்தது. நான் வாங்கித் தடவினேன். கண்ணாடி மாதிரி இருந்தது. அப்போதுதான் காதில் விழுந்தது, முந்தின நாள் அம்மா சொன்னது. சொறி.

"இதுக்குத்தான் சொல்றது, முறையா வாங்கிட்டு வரணும்னு" என்று சொல்லிக்கொண்டே அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்துப் பிரித்தார். பெரிய இரும்பு வியாபாரி ஒருவரின் மகன் இங்கிலாந்தில் ஒரு வருஷம் படித்துவிட்டு வந்து கொடுத்த தாள். "இது சான்றிதழ். பாரு, எவ்வளவு பளிச்சுனு முத்திரை."

ஊதா நிறத்தில் பளிச்சென்றுதான் இருந்தது. மேசைக்கு இந்தப் பக்கம் நின்றதால் எனக்குத் தலைகீழாகத் தெரிந்தது. தலைகீழாகவே படித்தேன். விடுதியின் பெயர். அதற்குக் கீழே, ஆங்கிலத்தில், சலவைப் பிரிவு.

அந்தக் குடும்பத்துப் பிள்ளை நம் அலுவலகத்தை என்னைவிட நன்றாகத் தெரிந்து வைத்திருந்தார். ஊருக்குப் போனால் மை முத்திரை கேட்பார்கள் என்று தெரிந்து, விடுதியில் யாரிடம் முத்திரைக் கட்டை இருக்கிறது என்று விசாரித்திருக்கிறார். போர்வை எண்ணுகிறவரிடம் இருந்திருக்கிறது. முத்திரையை யாரும் படிப்பதில்லை. இருக்கிறதா என்றுதான் பார்க்கிறார்கள். இந்த மேசையில் நான் கற்ற முதல் பாடம் அது. அப்போது நான் மேசைக்கு எதிர்ப்பக்கம் நின்றேன் என்பது மட்டும்தான் வித்தியாசம்.

சொல்லிவிடலாமா என்று வாய் வரை வந்தது. சொன்னால் என்ன நடக்கும் என்று யோசித்தேன். அவர் தாளையும் தள்ளுவார்கள், என் தாளையும் தள்ளுவார்கள். இருவருக்கும் நியாயம் வழங்கிய திருப்தியோடு டிபன் சாப்பிடப் போவார்கள். வாயை மூடிக்கொண்டேன்.

"வெள்ளிக்கிழமை குழு கூடுது. அதுக்குள்ள முத்திரையோட வா. இல்லேன்னா இரண்டாம் வருஷத்தை மறுபடி படிச்சுக்கோ."

மறுபடி படிப்பது அவர் வாய்க்கு எளிது. கல்லூரிச் சம்பளத்தில் எனக்கிருந்த சலுகை முடிந்துவிட்டது. அந்த இடத்தில் வேறு பெண் சேர்ந்துவிட்டாள். அமெரிக்காவுக்குக் கடிதம் போட்டுப் புதுத் தாள் வருவதற்கு இரண்டு மாதம் ஆகும். வருஷம் கணக்கில் வராவிட்டால் என் படிப்பு அங்கேயே நின்றுபோகும். சலவைக்கூடத்தில் அம்மாவுக்குப் பக்கத்து மேசை அப்போது காலியாக இருந்தது. ஆஸ்பத்திரி மேட்ரன் ஒருமுறை என்னைப் பற்றி விசாரித்தும் இருந்தாள்.

அன்று சாயங்காலமே அந்தோணி அண்ணனுக்கு விஷயம் தெரிந்துவிட்டது.

"இதுக்கா தங்கச்சி மூஞ்சியத் தூக்கி வச்சினு கீற? மண்ணடில நம்ம தோஸ்து ஒருத்தன் கீறான். ரப்பர்ல எத்த வோணா செதுக்குவான். கவர்னர் சீலு கேட்டாக்கூட ஒரு மணி நேரத்துல குடுப்பான். இன்னா கலரு வோணும், சொல்லு."

"அவங்களுக்கு ஊதாதான் புடிக்கும்ணே" என்றேன்.

விளையாட்டுக்குச் சொன்னதாக நினைக்காதீர்கள். அவர் கொடுத்த பீடிக்கட்டுத் தாளின் பின்புறத்தில் வளையமும் மரமும் வரைந்தேன். கல்லூரியின் பெயரை வளைத்து எழுதினேன். நன்றாகவே வந்தது. அண்ணன் அதை மடித்து மேல்சட்டைப் பையில் வைக்கக் கை நீட்டினார். நான் கொடுக்கவில்லை.

நேர்மை, மனசாட்சி என்று எழுத ஆசைதான். உண்மை அதுவல்ல. எனக்கு அந்த இரும்பு வியாபாரி மகனோடு ஒரே வரிசையில் நிற்கப் பிடிக்கவில்லை. எட்டு ஏ வாங்கியிருக்கிறேன். மண்ணடி ரப்பரைக் குத்திவிட்டால் அந்த எட்டையும் மண்ணடியில் வாங்கியதாக ஆகிவிடும், அது எனக்கு மட்டும் தெரிந்தாலும் போதும். வரைந்ததைக் கிழித்துப் போட்டேன். "சரியான பேஜாரு புடிச்ச பொண்ணுடி நீ" என்றார் அண்ணன்.

அதுவரைக்கும் என் பெருமை எனக்கு நல்லது செய்தது. அடுத்த நாளே காலை வாரிவிட்டது. குழுவுக்கு ஒரு விளக்கம் எழுத உட்கார்ந்தேன். இஸ்திரி என்று எழுதினால் யார் போட்டது என்று கேட்பார்கள். என் அம்மா என்று சொன்னால், அவள் ஏன் காகிதத்துக்கெல்லாம் இஸ்திரி போடுகிறாள் என்பார்கள். அவள் தொழில் அது என்று சொல்ல வேண்டியிருக்கும். அமெரிக்காவில் படித்தவள், குழுவுக்கு முன்னால், இஸ்திரிக்காரியின் மகளாக நிற்பதா? அழகான ஆங்கிலத்தில் எழுதினேன்: கடற்பயணத்தில் ஏற்பட்ட ஈரத்தால் முத்திரை அழிந்துவிட்டது.

அம்மாவிடம் நான் ஒன்றும் சொல்லவில்லை. அவளாகத்தான் கேட்டாள்.

"நான் அமுக்கிவுட்டேனே, அதுவா சீலு?"

நான் விளக்கைத் துடைத்துக்கொண்டிருந்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன். அவளுக்குப் பதில் கிடைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அவள் வேலைக்குப் போகவில்லை. "நானும் வரேன்" என்றாள்.

"நீ எதுக்கு?"

"சொம்மா."

வழியெல்லாம் நான் நாலடி முன்னால் நடந்தேன். அலுவலக வாசலில் சைக்கிள் கொட்டகையைக் காட்டி, "இங்கயே நில்லு, உள்ள வராத" என்றேன். சரி என்று தலையாட்டினாள். முழங்கைவரை பழைய சூட்டுத் தழும்புகள். அவளை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று திரும்பிப் பார்க்காமல் உள்ளே போனேன்.

குழுத் தலைவர் ரசாயனம் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற பேராசிரியர். அவருக்குப் பக்கத்தில் இரண்டு பேர். ஒருவர் தூங்கினார், மற்றவர் அவர் தூங்குவதை மறைத்து உட்கார்ந்திருந்தார். முதல் பத்து நிமிஷம் நீச்சலில் போயிற்று. நீச்சல் ஒரு பாடமா? அதற்கு எதற்கு இரண்டு கிரெடிட்? அதில் எதற்கு சி?

"ராயபுரம்னு போட்டிருக்கு. ராயபுரத்துப் பெண்ணுக்கு நீச்சல் வரலையா?" என்றார் தூங்காதவர். சிரித்தார்கள். தூங்கியவர்கூட எழுந்து சிரித்தார்.

பிறகு தலைவர் என் விளக்கத்தை எடுத்தார். தாளை எடுத்தார். இரண்டையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ஈரத்தில் முத்திரை அழிஞ்சதுன்னு எழுதியிருக்கே. கையெழுத்து நீல மை. அது ஒரு சொட்டுக்கூடப் பரவலையே. மையை விட்டுட்டு முத்திரையை மட்டும் கரைக்கிற தண்ணி எந்தக் கடல்லம்மா இருக்கு?"

சூப்பரிண்டெண்ட் முகத்தில் ஒரு மலர்ச்சி. எனக்குக் காது சுட்டது. இன்னொரு பொய் தயாராக நாக்கில் நின்றது. அதைச் சொன்னால் அதற்கும் ஒரு கேள்வி கேட்பார் இந்த மனுஷர் என்று தெரிந்தது.

"இஸ்திரி போட்டோம் சார்."

"எதை?"

"இதைத்தான். நெளிஞ்சிருந்தது. என் அம்மாகிட்ட கொடுத்தேன். முத்திரை புடைச்சிருந்ததை அவங்க சுருக்கம்னு நினைச்சுத் தேய்ச்சுட்டாங்க. அவங்களுக்கு இஸ்திரி போடுறதுதான் வேலை. ஆஸ்பத்திரியில்."

எல்லோரும் சிரிப்பார்கள் என்று நினைத்தேன். ஒருவர் சிரித்தார். தலைவர் சிரிக்கவில்லை. அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதுவும் ரசாயனக்காரரின் சந்தேகம்.

"இஸ்திரி போட்டா இப்படி அடியோட போயிடுமா? யாராவது போட்டுப் பாத்திருக்கீங்களா?"

"பழக்கமில்லீங்க" என்றார் சூப்பரிண்டெண்ட்.

"அந்த அம்மாவைக் கேக்கணுமே. எங்க இருக்காங்க?"

"சைக்கிள் கொட்டகையில" என்றேன். அந்தச் சொல்லை அங்கே சொன்னபோதுதான் அது எப்படி ஒலிக்கிறது என்று எனக்குக் கேட்டது.

பியூன் போய்க் கூட்டி வந்தார். வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு வந்தாள். முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை.

"இந்தத் தாளுக்கு இஸ்திரி போட்டது நீங்களாம்மா?"

"ஆமா தொரை. நான்தான். பொண்ணு மேல ஒண்ணும் தப்பு இல்ல."

"நல்லா போட்டிருக்கீங்க. ரொம்ப நல்லா. அதான் தொந்தரவு. இங்க ஒண்ணு புடைச்சிருந்ததே, அது என்னன்னு ஞாபகம் இருக்கா?"

"குடுங்க, பாக்கறேன்."

சூப்பரிண்டெண்ட் தயங்கித் தயங்கிக் கொடுத்தார். அம்மா அதை அவரைப் போல வெளிச்சத்துக்கு நேரே தூக்கவில்லை. ஜன்னலருகே போனாள். தாளைக் கண்ணுக்கு மட்டமாக, கிடையாகப் பிடித்து, வெளிச்சம் பக்கவாட்டில் வழுக்கிப் போகும்படி மெல்லத் திருப்பினாள். தொப்பியில் மடிப்பு விழுந்திருக்கிறதா என்று தினமும் அப்படித்தான் பார்ப்பாள்.

"கீது தொரை" என்றாள். "போகல. படுத்துனு கீது."

"எங்கே?"

அம்மா ஜன்னல் கட்டையைப் பார்த்தாள். நம் ஜன்னல் கட்டை எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். விரலால் ஒரு வழி வழித்தாள். விரல் கறுத்தது. யாரும் தடுப்பதற்குள் அந்த விரலைத் தாளின் மூலையில் வைத்தாள்.

"ஐயோ, சான்றிதழ்!" என்று சூப்பரிண்டெண்ட் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார்.

அழுத்தவில்லை, பூனையைத் தடவுகிற மாதிரித் தடவினாள். நெரிபட்ட தாள் எத்தனை இஸ்திரி போட்டாலும் நெரிபட்டதை மறக்காது போலிருக்கிறது. கரித்தூள் மற்ற இடத்தில் எல்லாம் வழுக்கியது, அங்கே மட்டும் பிடித்தது. முதலில் ஒரு கால் வளையம். பிறகு முக்கால். உள்ளே மரத்தின் அடி, கிளை. சுற்றிலும் சின்னச் சின்ன எழுத்துகள். தலைவர் மேசையைச் சுற்றிக்கொண்டு ஓடிவந்தார். மூக்குக்கண்ணாடியை மாற்றிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகக் கல்லூரியின் பெயரை உரக்கப் படித்தார். தூங்கியவர், தூங்காதவர், சூப்பரிண்டெண்ட் எல்லோரும் அம்மாவின் தோளுக்கு மேல் எட்டிப் பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

"எனக்கு எய்த்து தெரியாது தொரை. வளையம் முய்சா கீதா, அத்தப் பாருங்க."

"முழுசா இருக்கும்மா."

"அப்டீன்னா சரி." தாளைக் கொடுத்தாள். விரலைப் புடவையில் துடைக்கப் போனவள், நிறுத்தி, அதை ஒரு முறை பார்த்தாள். பிறகு சூப்பரிண்டெண்டைப் பார்த்தாள். "இன்னா தொரை, இவ்ளோ கரி! ஜன்னலத் தொடைக்கவே மாட்டீங்களா?"

சூப்பரிண்டெண்ட் கறுத்த வளையத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "இப்பத்தான் முத்திரை மாதிரி இருக்கு" என்றார், மனப்பூர்வமாக.

நீச்சலுக்கான இரண்டு கிரெடிட்டைக் கழித்துவிட்டு, மீதியை எம்.ஏ. இரண்டாம் வருஷத்துக்கு ஈடாக ஏற்றுக்கொண்டார்கள். ஏ என்றால் நூற்றுக்கு எவ்வளவு என்று யாருக்கும் தெரியாததால், அதைத் தெரிந்தவர் ஒருவர் இந்த மேசைக்கு வேண்டும் என்று தலைவர் எழுதி வைத்தார். பட்டம் கைக்கு வந்ததும் அப்படித்தான் இங்கே வந்தேன்.

அன்று திரும்பி நடக்கும்போது நான் முன்னால் நடக்கவில்லை. கொஞ்ச தூரம் போன பிறகு அம்மா கேட்டாள்.

"கொட்டாயில நிக்கசொல்ல உள்ள சிரிச்ச சத்தம் கேட்டிச்சே, இன்னாத்துக்கு?"

"நீச்சல்ல சி வாங்கினேன்ல, அதுக்கு."

"'சி'ன்னா?"

"சுமார்னு அர்த்தம்."

"தூ. கடலுக்கு எதுக்க வூட்ட வச்சினு சுமாரா? மானம் பூட்ச்சி." பிறகு, "உள்ள கூப்புடுவாங்கன்னு தெரிஞ்சிருந்தா வேற பொடவ கட்டினு வந்திருப்பேன்" என்றாள்.



வேலைக்கு வந்த முதல் வாரமே மேசையை இழுத்து ஜன்னலுக்குக் குறுக்கே போட்டேன். வெளிச்சம் பக்கவாட்டில் விழ வேண்டும். வெளிநாட்டுத் தாள் வந்தால் மட்டமாகப் பிடித்துத் திருப்பிப் பாருங்கள். இந்த ஐந்து வருஷத்தில் "முத்திரை இல்லை" என்று திருப்பி அனுப்பப்பட இருந்த ஏழெட்டுத் தாள்களில் இப்படித்தான் முத்திரையைக் கண்டேன். ஒவ்வொரு முறையும் சூப்பரிண்டெண்ட், "அலமாரி திறக்க மாட்டேங்குது, மேசையை நேரா போடும்மா" என்பார். அலமாரி திறக்காமல் இருப்பதில் அவருக்குத்தான் லாபம். அதற்குள்தான் அந்த ஊதா முத்திரைக் கோப்பு இருக்கிறது.

அதைப் பிரித்துப் பாருங்கள், தடுக்க மாட்டேன். பார்த்துவிட்டு, கட்டி, இருந்த இடத்திலேயே வையுங்கள். அந்த இரும்பு வியாபாரி மகன் இங்கிலாந்தில் நிஜமாகவே படித்தார். பாடங்களில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை. நாம் முத்திரை கேட்டோம், ஒரு முத்திரை கொடுத்தார். இப்போது அவர் நம் குழுவில் உறுப்பினர். எந்தத் தாள் வந்தாலும் அவர் கேட்கும் முதல் கேள்வி உங்களுக்கே தெரியும்: "முத்திரை தெளிவா இருக்கா?" அவர் அப்படிக் கேட்கும்போது சிரிக்காமல் உட்கார்ந்திருக்கப் பழகுங்கள். எனக்கு இரண்டு வருஷம் ஆயிற்று.

திங்கட்கிழமை வியாசர்பாடியிலிருந்து ஒரு பெண் வருவாள். கனடாவில் ஒரு வருஷம் படித்துவிட்டு வந்திருக்கிறாள். அவள் அனுப்பிய கடிதத்தைக் கோப்பில் வைத்திருக்கிறேன். விளக்கம் என்று இரண்டு பக்கம் எழுதியிருக்கிறாள், மிக அழகான ஆங்கிலம். ஏதோ மறைக்கிறாள். அதட்டாதீர்கள். தாளை வாங்கிக்கொண்டு, அவளோடு யாராவது வந்து வெளியே நிற்கிறார்களா என்று சைக்கிள் கொட்டகைப் பக்கம் எட்டிப் பாருங்கள். நின்றால், உள்ளே கூப்பிட்டு உட்காரச் சொல்லுங்கள்.

மேசையை நகர்த்த வேண்டாம். ஜன்னல் கட்டையைத் துடைக்கவும் வேண்டாம்.